தொட்டியைத் திறக்காத தூய்மை

பட்டனை அழுத்தியதும் தண்ணீர் வருகிறது, போக வேண்டியது போகவில்லை. பேசினில் நீர்மட்டம் மேலேறிச் சற்று நின்று, தயங்கித் தயங்கி இறங்குகிறது. அல்லது ஏறாமலேயே சுழன்று அடங்கிவிட, கழிவு இருந்த இடத்திலேயே கிடக்கிறது. நம் வீடுகளில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். மூடியைச் சாத்துவார்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்துவார்கள், பிறகு ஆசிட் பாட்டில், கடைசியில் யாருக்காவது போன். இந்த வரிசையில் ஒரு செயலுக்கு மட்டும் இடமே இருப்பதில்லை: பின்னாலிருக்கும் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பது. சோம்பல் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. மிக்சி நின்றுபோனால் கவிழ்த்துப் பிடித்து அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கிற அதே கைதான் இங்கே பின்வாங்குகிறது. அதைப் பின்னுக்கு இழுப்பது தூய்மை பற்றிய ஒரு கொள்கை. அழுக்கிலிருந்து விலகி நிற்பவரே தூயவர் என்பது அந்தக் கொள்கை. பல தலைமுறைகளாக அதற்குச் சமயத்தின் சம்மதமும் கிடைத்திருக்கிறது. அது தவறு என்றும், தன் அழுக்கு எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று அறிந்து பொறுப்பேற்பவரையே தூயவர் என்று சொல்ல முடியும் என்றும் வாதிடுவதற்குக் கழிப்பறையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதலில் தொட்டி. இன்று கடைகளில் கிடைக்கும் இரட்டைப் பட்டன் தொட்டிகள் பெரும்பாலும் சின்னப் பட்டனுக்கு 3 லிட்டரும் பெரியதற்கு 6 லிட்டரும் விடுகின்றன. பழையவை 10 லிட்டர்கூடக் கொட்டின. கழிவைத் தள்ளுவதில் நீரின் அளவுக்கு உள்ள பங்கு அது விழும் வேகத்துக்கும் உண்டு. ஆறு லிட்டரும் சில விநாடிகளில் மொத்தமாக விழுந்தால் வளைவுக்கு அப்பால் தள்ளிவிடும். அதே ஆறு லிட்டர் ஒழுகி வந்தால் பேசினை நனைத்துவிட்டு ஓய்ந்துவிடும். வேகம் குறையக் காரணங்கள் சாதாரணமானவை. மிதவை தாழ்ந்திருந்தால் தொட்டி பாதியிலேயே நிரம்பியதாக நினைத்துக்கொள்ளும். பட்டனையும் அடிவால்வையும் இணைக்கும் கம்பியோ சங்கிலியோ தளர்ந்திருந்தால் வால்வு முழுதாக எழும்பாமல் உடனே மூடிக்கொள்ளும். வால்வின் ரப்பர் தேய்ந்திருந்தால் தண்ணீர் ஓயாமல் கசிந்து, தேவையானபோது போதிய அளவு இருக்காது. போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் பேசின் விளிம்புக்கு அடியிலுள்ள துளைகளில் உப்பு படிந்து இறுகிவிடும். ஒரு கைக்கண்ணாடியைக் கீழே பிடித்தால் அது தெரியும், வினிகரில் ஊறவைத்துச் சுரண்டினால் போகும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவை எல்லாமே தண்ணீர் கழிவைச் சேர்வதற்கு முன்பே நேரும் பழுதுகள். தொட்டியில் நிற்பது மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் நீர். அடுப்படிக் குழாயில் பாத்திரம் கழுவுவதும் அதே நீரில்தான். அதற்குள் கையை விடச் சொன்னால் மட்டும் முகம் சுருங்குகிறது. அசுத்தம் என்று சுட்டிக்காட்ட அந்த நீரில் ஒன்றும் இல்லாதபோது, தடுப்பது அந்த இடத்தின்மேல் நாம் ஏற்றி வைத்திருக்கும் தன்மை என்றுதான் கொள்ள வேண்டும்.

அருவருப்பு மனித இயல்பு, அதைக் கொள்கை என்று பெரிதாக்குவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலத்தைக் கண்டு முகம் சுளிப்பது எல்லாச் சமூகங்களுக்கும் பொது. அந்தச் சுளிப்பு வயிற்றுப்போக்கிலிருந்தும் குடற்புழுவிலிருந்தும் மனிதர்களைக் காத்திருக்கிறது. ஆனால் இயல்பான அருவருப்புக்கு ஓர் எல்லை உண்டு. கழுவினால் தீர்ந்துவிடும். நாம் தண்ணீர் விட்டுக் கையால் கழுவிப் பழகியவர்கள். நாள்தோறும் நம் இடக்கை செய்கிற வேலையைவிட நெருக்கமான தொடுதல் எந்தப் பிளம்பருக்கும் வாய்ப்பதில்லை. சாத்திரமும் இதைக் கூச்சமின்றிப் பேசுகிறது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், மலசலம் கழித்தபின் எத்தனை முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்று கணக்கே போட்டுத் தருகிறது: குறிக்கு ஒன்று, குதத்துக்கு மூன்று, இடக்கைக்குப் பத்து, இரு கைகளுக்குமாக ஏழு. இது இல்லறத்தானுக்கு. பிரமசாரிக்கு இரண்டு மடங்கு, வனம் புகுந்தவனுக்கு மூன்று, துறவிக்கு நான்கு. எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். ஆனால் அதன் அடியிலிருக்கும் எண்ணம் தெளிவானது. தொட வேண்டியதைத் தொடலாம், கழுவலாம், கழுவியதும் கை தூய்மையாகிவிடும். துறவியாக உயர உயரத் தன் கையால் கழுவும் வேலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. சிக்கல் அடுத்த அடியில்தான் தொடங்குகிறது. அதே கழிவு உடலைவிட்டு நான்கடி தள்ளிப் போனதும் அதைத் தொடுவது வேறொருவரின் பிறவி வேலையாகிவிடுகிறது; அவர் எத்தனை முறை கழுவினாலும் தூய்மையாவதில்லை. கழுவினால் போகும் அழுக்கையும் எப்படிக் கழுவினாலும் போகாத தீட்டையும் ஒரே பெயரில் அழைத்து, முன்னதன் நியாயத்தைப் பின்னதற்கு இரவல் கொடுத்திருக்கிறோம்.

கழிப்பறையெல்லாம் சமயச் சிந்தனைக்குரிய பொருளா என்று தயங்குபவர்கள் பாளி வினய நூலான சுள்ளவக்கத்தின் எட்டாம் பகுதியைப் பார்க்கலாம். பிராமண குலத்திலிருந்து வந்த ஒரு பிக்கு, மலம் கழித்தபின் கழுவிக்கொள்ள மறுக்கிறார். இந்த நாற்றத்தை யார் தொடுவது என்பது அவர் வாதம். விளைவாக அவர் குதத்தில் புழு வைத்துவிடுகிறது. செய்தி புத்தரிடம் போகிறது, கழுவுதல் விதியாகிறது. தொடாமல் இருந்தால் தூய்மை என்று நினைத்தவரே அந்தக் கூட்டத்தில் மிகவும் அழுக்கானவராக முடிகிறார் என்பதில் கதை சொன்னவருக்கு ஒரு குறும்பும் இருந்திருக்க வேண்டும். அதற்கு அடுத்து வருவது இன்னும் சுவையானது. பிக்குகள் துறவு மூப்பின்படி கழிப்பறைக்குப் போகிறார்கள். முன்னதாகவே வந்துவிட்ட இளையவர்கள் அடக்கிக்கொண்டு காத்திருந்து மயங்கி விழுகிறார்கள். வந்த வரிசைப்படியே போகலாம் என்று விதி மாறுகிறது. வணக்கத்திலும் இருக்கையிலும் மூப்பை விடாமல் காத்த ஒரு சங்கம், இந்த ஒரு வாசலில் அதைக் கழற்றி வைத்தது. கூடவே, கழிப்பறை அழுக்காயிருந்தால் பார்ப்பவர் கழுவிவிட வேண்டும், நீர்க்குடம் காலியானால் நிரப்பிவிட வேண்டும் என்ற கடமைகளும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. உடலின் இழிவைத் தியானப் பொருளாகவே கொண்டவர்கள் இந்தப் பிக்குகள். உடலை வெறுக்கும் துறவுக்கும் கழிப்பறையைத் தாமே பார்த்துக்கொள்வதற்கும் முரண் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி அறிவதைப் பற்றி. தூய்மை அறிதலைச் சார்ந்தது என்றால் எப்படி அறிவது? மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் சொல்லும் அளவை இலக்கணத்தில் அன்னுவயம், வெதிரேகம் என்று இரண்டு வருகின்றன: ஒன்று இருக்குமிடத்தில் மற்றதும் இருப்பதைக் காட்டுவது, ஒன்று இல்லாதபோது மற்றதும் இல்லாமற்போவதைக் காட்டுவது. கழிப்பறைப் பழுதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அது இந்த இரண்டையும் ஒரு பக்கெட்டில் அடக்கிவிடுகிறது. பட்டனைத் தொடாமல், அரை பக்கெட் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே மூச்சில் பேசினுக்குள் ஊற்ற வேண்டும். கழிவு சட்டென்று போய்விட்டால், தொட்டியை ஒதுக்கியதும் குறையும் ஒதுங்கிவிட்டது. ஆகவே பழுது மேலே, தொட்டியிலோ விளிம்புத் துளைகளிலோ இருக்கிறது. தண்ணீர் ஏறி நின்று மெதுவாக வடிந்தால், தொட்டியை ஒதுக்கியும் குறை ஒதுங்கவில்லை, பழுது கீழே. அப்போது குளியலறைத் தரைத்துளையிலிருந்து களகளவென்று சத்தம் வருகிறதா என்று காதுகொடுக்க வேண்டும். வந்தால் பேசினின் வளைவைத் தாண்டி, பொதுக் குழாயிலோ மாடிக்குப் போகும் காற்றுக்குழாயிலோ சிக்கல். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் இப்படி ஆகிறதென்றால், உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண் நீரால் நிரம்பிவிட்டது என்று ஊகிக்க இடமுண்டு. இதில் எந்தப் படியிலும் கை அழுக்காவதில்லை. அழுக்காகும் என்ற பயம், அறிவதற்கு முன்பே நம்மை அறையைவிட்டு வெளியேற்றிவிடுகிறது.

அந்த வெற்றிடத்தில்தான் ஆசிட் பாட்டில் வந்து உட்காருகிறது. தொட்டியின் மிதவை தாழ்ந்திருக்கும் வீட்டில் வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றுவது, காரணம் கேட்காமல் செய்யும் பரிகாரம். பேசின் பளிச்சென்று ஆகிறது, வாசனை மாறுகிறது, ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவு வருகிறது. மிதவை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைச் சுடும். அளவுக்கு மீறிப் போனால் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் சாகும், டேங்க் இன்னும் சீக்கிரம் நிரம்பும். காரணத்தை விலக்கினால் காரியம் விலகும் என்று சொல்லாத இந்தியத் தத்துவப் பள்ளி அரிது. அந்தத் தத்துவங்களில் வளர்ந்தவர்கள் தம் குளியலறையில் மட்டும் காரணத்தைத் தேடுவதில்லை.

இங்கே இரண்டு மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். ஒன்று, நம் முன்னோரின் தீட்டு விதிகளே அந்தக் காலத்துச் சுகாதாரம்தான், கிருமியை அறியாமலேயே கிருமியை விலக்கினார்கள் என்ற வாதம். மேடைகளில் நன்றாக எடுபடும் வாதம் இது. ஆனால் கிருமிக்குப் பிறப்பு தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவிய கை யாருடையதாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். தீட்டு விதி சாக்கடையைத் தொட்டவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியது. சாக்கடை ஏரிக்குள் போய்க் கலப்பதை அதே கடுமையோடு தடுத்ததாகத் தெரியவில்லை. சுகாதாரம் நோக்கமாக இருந்திருந்தால் முன்னுரிமை நேர்மாறாக அல்லவா இருந்திருக்கும்? மற்றொரு மறுப்பு கனமானது. வேலைப் பகுப்பு இல்லாமல் நாகரிகம் இல்லை, ஃபேனை எலக்ட்ரீஷியன் பார்ப்பது போலக் கழிப்பறையைப் பிளம்பர் பார்க்கட்டும், எல்லாரும் எல்லாமும் செய்ய வேண்டும் என்பது என்ன நியாயம்? யாரும் அப்படிச் சொல்லவில்லை. கூலி கொடுத்து ஆளை அழைப்பதில் குற்றமில்லை. அது வேலைப் பகுப்புதானா என்று பார்க்க ஓர் அளவுகோல் உண்டு: அந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக அவரால் முடியுமா, போனபின் அவர் மகனை நாம் வேறு பெயரில் அழைப்போமா? பல வீடுகளில் மிதவையை மாற்றுபவர் ஒருவர், சேம்பரில் அடைப்பெடுப்பவர் இன்னொருவர். முதலாமவருக்கு ஹாலில் நாற்காலியும் டம்ளரில் தண்ணீரும் கிடைக்கும். இரண்டாமவர் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து, கூலியை எட்ட நின்று வாங்கிப் போவார். இரண்டும் ஒரே குழாயின் இரு முனைகள். தொழில்நுட்பத்தில் இல்லாத பிரிவினை மனிதர்களுக்கு நடுவே எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வேலைப் பகுப்பு என்ற விடை போதாது.

காந்தியிடம் போனால் எளிதாக விடை கிடைக்கும் என்று தோன்றும். 1901இல் கல்கத்தா காங்கிரசில் கழிப்பறைகள் இருந்த நிலையைக் கண்டு, அது தோட்டிகளின் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்கியபோது, விளக்குமாறு கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறகு ஆசிரமங்களில் அதை எல்லாருக்கும் பொதுவான கடமையாக்கினார். ஆனால் அதே காந்தி துப்புரவைப் புனிதத் தொண்டாகப் போற்றியபோது அம்பேத்கர் அதைக் கடுமையாக எதிர்த்தார். தீண்டப்படாதோருக்கு காங்கிரசும் காந்தியும் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் வெளியிட்ட நூலில் அந்த எதிர்ப்பைக் காணலாம். தப்பிக்க முடியாமல் ஒரு வேலையில் கட்டப்பட்டிருப்பவரிடம் அந்த வேலை உயர்ந்தது என்று சொல்வது, கட்டுக்குச் சந்தனம் பூசுவதாகும். இந்த இடத்தில் அம்பேத்கர் சொல்வதுதான் சரி. அப்பர் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களைச் செதுக்கினார். இன்றும் உழவாரப்பணிக் குழுக்கள் விடுமுறை நாளில் பிராகாரம் கூட்டுகின்றன. அது தொண்டாக இருப்பதற்குக் காரணம், மறுநாள் அவர்கள் தம் அலுவலகத்துக்குப் போய்விட முடிகிறது. தீட்டு ஒரு வேலையைத் தொடக்கூடாததாக்குகிறது, புனிதம் அதே வேலையை எட்டாத உயரத்தில் வைக்கிறது. இரண்டிலும் நாம் அதைச் செய்யாமலிருக்க வசதியான காரணம் கிடைத்துவிடுகிறது. எனவே கழிப்பறையைக் கழுவுவது ஆன்மிகம் என்று நான் வாதிடவில்லை. மின்கட்டண அட்டையைப் பார்ப்பதுபோல அது வீட்டுக்காரருக்குரிய ஒரு வேலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வேலை பேசினோடு முடிவதில்லை. பேசினுக்குக் கீழே குழாய் வளைந்து, ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீரைத் தேக்கி நிற்கிறது. சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தச் சிறு நீர்தான். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர் இந்த வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். கழிப்பறை கொல்லையிலிருந்து படுக்கையறைக்குப் பக்கத்தில் வர முடிந்தது இதனால்தான். இந்த வளைவு செய்த உபகாரத்தோடு ஒரு மயக்கமும் சேர்ந்தே வந்தது: கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாமல் போனது இல்லாமலே போய்விட்டது என்ற மயக்கம். சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்றது. உள்ளது ஒருபோதும் இல்லாமற்போகாது, நிலைதான் மாறும் என்பதை உலகத்தின் தோற்றம், ஒடுக்கம் வரை கொண்டுபோய் நிறுவிய மரபு அது. அந்த மரபில் திருநீறு பூசுகிறவர் வீட்டிலும், பட்டனை அழுத்தியதும் ஒன்று அழிந்துவிட்டதாகத்தான் நம்பிக்கை. அது அழியவில்லை, செப்டிக் டேங்கில் இருக்கிறது. நிரம்பினால் திரும்பி வருகிறது. மெதுவாக வடியும் பேசின் பல சமயம் அந்தத் திரும்பி வருதலின் முதல் அறிவிப்பு.

செப்டிக் டேங்க் எந்த மூலையில் வர வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவரிடம் கேட்காத வீட்டுக்காரர் குறைவு. வாயு மூலை என்று பதில் வரும். எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எத்தனை பேருக்கு, வாய்மூடி எங்கே, எத்தனை ஆண்டுக்கொரு முறை எடுக்க வேண்டும் என்ற கேள்விகள் யாரிடமும் போவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கசடு எடுக்க வேண்டும் என்பது பொது நெறி. நாம் செய்வது என்ன? ஆயுளில் ஒருமுறைகூட எடுக்கத் தேவையில்லாதபடி பெரிதாகக் கட்டி, மேலே டைல்ஸ் பதித்துவிடுகிறோம். டயான் காஃபியும் டீன் ஸ்பியர்சும் 2017இல் வெளியிட்ட ‘வேர் இந்தியா கோஸ்’ நூல், பெரும்பாலும் வட இந்தியக் கிராமங்களை வைத்து இதைத்தான் காட்டியது: சிறிய, மலிவான குழிக் கழிப்பறையை மக்கள் ஒதுக்குவதற்குப் பெரிய காரணம் வறுமையோ நீர்ப் பற்றாக்குறையோ இல்லை, குழி நிரம்பினால் அள்ளுவது யார் என்ற கேள்விக்குப் பின்னால் நிற்கும் தீட்டும் தீண்டாமையும்தான். 1970இல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஸ்வர் பாடக் பரப்பிய இரட்டைக் குழி முறையில், ஒன்று நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிவிட்டால் முதல் குழியில் உள்ளது இரண்டு ஆண்டுகளுக்குள் மணமற்ற உரமாகிவிடும். அள்ளுவது அருவருப்பான வேலையே இல்லை. அருவருப்பு தீர்ந்த பிறகும் தயக்கம் தீராமலிருப்பது, அங்கே வேலைசெய்வது வேறொன்று என்பதற்கு இன்னொரு சான்று.

அந்த வேறொன்றின் விலையை வேறு சிலர் கொடுக்கிறார்கள். மூடிய டேங்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை, அதிக அளவில் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லாததைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கியவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குபவரும் வருவதில்லை. கையால் கழிவு அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது; 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. நகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும் உரிய சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு அமர்த்தும் எவருக்கும் அது பொருந்தும். வீட்டுக்காரரும் அதில் அடக்கம்.

அடுக்ககத்திலோ வாடகை வீட்டிலோ இருப்பவர் டேங்கைத் திறந்து பார்க்க முடியாதே, அவருக்கு இந்தப் பொறுப்பு எப்படிப் பொருந்தும் என்பது கடைசியாக வரக்கூடிய மறுப்பு. திறக்க முடியாதுதான், கேட்க முடியும். கடைசியாக எப்போது எடுத்தார்கள், லாரியின் குழாய் மட்டும் உள்ளே போனதா ஆளும் இறங்கினாரா, லாரி அதை எங்கே கொண்டுபோய் விட்டது, சுத்திகரிப்பு நிலையத்திலா ஏரிக்கரையிலா? குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் ‘டேங்க் கிளீனிங்’ என்று ஒரு வரி இருக்கும். எதிரே தொகை மட்டும் இருக்கும். லிஃப்டுக்கு என்ன நிறப் பெயின்ட் என்று ஒரு மணி நேரம் விவாதிக்கிற கூட்டத்தில், அந்த வரிக்கு வவுச்சர் கேட்கப் பெரும்பாலும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை.